சிலுவைக்குக் காவற்படை எதற்கு?

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், ஆலய முற்றத்தில் நாம் பலமுறை கேட்டிருக்கும் குரல் ஒன்று உண்டு. "அன்பு, மன்னிப்பு என்று நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், சாமி. நமக்கென்று நாலு பலசாலிகள் இருந்தால்தான் இந்தக் காலத்தில் மதிப்பார்கள்." இப்படிச் சொல்பவர் தீயவர் அல்லர். நற்கருணை வாங்குபவர், பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புபவர், உண்மையாகவே அஞ்சுபவர். அவரது அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அவர் கேட்கும் மருந்தை ஒரு நாடு ஏற்கெனவே அருந்திப் பார்த்திருக்கிறது. அதன் விளைவை அறிந்த பிறகு அவர் மீண்டும் கேட்கட்டும்.

அந்நாடு அல்ஜீரியா. அந்த மருந்தின் பெயர் 'இரகசியப் படை அமைப்பு'. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் உலகம் அதனை ஓ.ஏ.எஸ். என்று அறியும்.

1830-இல் பிரான்சு அல்ஜீரியாவின்மீது படையெடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 1832-இல், அல்ஜியர்ஸ் நகரின் கெச்சாவா மசூதி கைப்பற்றப்பட்டுக் கத்தோலிக்கப் பேராலயமாக்கப்பட்டது. பிறரது தொழுகை இல்லத்தைத் துப்பாக்கி முனையில் பறித்து, அதன்மேல் நம் ஆண்டவரின் சிலுவையை நட்டார்கள். பின்னாளில் அந்தச் சிலுவைக்கே ஆபத்து வந்துவிட்டது என்று கூக்குரல் எழுந்தபோது, அது எவ்வாறு அங்கே ஏறியது என்பதை நினைவுகூர்ந்தவர் மிகச் சிலரே.

அங்குக் குடியேறிய ஐரோப்பியரும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற யூதரும் 1954-இல் ஏறத்தாழ 10 லட்சம் பேர். முஸ்லிம்கள் அவர்களைப்போல் எட்டு மடங்குக்கு மேற்பட்டோர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த அல்ஜீரிய மன்றத்தில் இடங்கள் 120. பெரும்பாலும் ஐரோப்பியரைக் கொண்ட முதல் வாக்காளர் தொகுதிக்கு 60. எஞ்சிய பெருந்திரளுக்கு 60. எட்டுப் பேரின் குரலும் ஒருவரின் குரலும் ஒரே நிறை என்று தராசு செய்தார்கள். அந்தத் தராசிலும் நம்பிக்கை இல்லாமல் 1948-இல் தேர்தலிலேயே முறைகேடு செய்தார்கள். வாக்குச் சீட்டின் வழி அடைக்கப்பட்டபோது வேறு வழி திறந்துகொண்டது. 1954 நவம்பர் முதல் நாள் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அதே நாளில்தான் புதுச்சேரியும் காரைக்காலும் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தன என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்வது நலம். இங்கே பேச்சுவார்த்தையால் வெளியேற அறிந்த அதே பிரான்சு, அங்கே ஏழரை ஆண்டுகள் போர் நடத்தியது.

1961 சனவரி 8-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரான்சு மக்களுள் பெரும்பான்மையோர் அல்ஜீரியாவின் தன்னுரிமைக்கு இசைந்தனர். அதனைப் பொறுக்காத வலதுசாரித் தீவிரர் சிலர், பிராங்கோ ஆண்ட ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டில் கூடி, அவ்வாண்டுத் தொடக்கத்தில் இந்த அமைப்பைத் தோற்றுவித்தனர். லகயார்டு, சூசினி என்போர் அதன் மூலவர்கள். ஏப்ரலில் நான்கு தளபதிகள் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி சில நாள்களில் சரிந்தது. அவர்களுள் சலான், ஜுவோ என்னும் இருவர் தலைமறைவாகி இதன் தலைமையை ஏற்றனர். அரசியல் கழகமாய் மேடையேறியது, கொலைப்படையாய் இருளில் இறங்கியது.

அதன் செயல்களை அடுக்கிப் பார்ப்போம். முதற் பலிகளுள் ஒருவராகக் கருதப்படும் பியர் போப்பி, முஸ்லிம் கிளர்ச்சியாளர் அல்லர். அல்ஜியர்ஸ் வழக்கறிஞர், கிறிஸ்தவ மக்களாட்சிக் கட்சியைச் சேர்ந்தவர், பேச்சுவார்த்தையை ஆதரித்தவர். 1961 சனவரி 25-இல் தம் அலுவலகத்தில் குத்திக் கொல்லப்பட்டார். கிறிஸ்தவத்தைக் காக்க வந்தவர்கள் தொடக்கத்திலேயே காவு கொண்டது ஒரு கிறிஸ்தவரை! 1962 பெப்ருவரி 7-இல் பாரிசின் புறநகரில் அமைச்சர் மால்ரோவுக்கு வைத்த குண்டு, அதே வீட்டில் வாழ்ந்த நான்கு வயதுச் சிறுமியின் பார்வையைப் பறித்தது. மார்ச் 15-இல், சமூகக் கல்வி மையங்களின் அலுவலர் அறுவர் கூட்டத்திலிருந்து அழைக்கப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். மூவர் பிரெஞ்சுக்காரர், மூவர் அல்ஜீரியர். அவர்களுள் ஒருவர் எழுத்தாளர் முலூத் ஃபெராவூன். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது அவர்களது குற்றம். மே 2-இல் அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் கூலிவேலைக்குக் காத்து நின்ற ஏழைத் தொழிலாளர் நடுவே வெடித்த குண்டு அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சூன் 7-இல் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தீ வைத்தனர். நாகரிகத்தின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொண்டவர்கள் இலட்சக்கணக்கான நூல்களைச் சாம்பலாக்கினர்.

இத்தனைக்கும் நம் திருமறையின் பெயர் துணைக்கு அழைக்கப்பட்டது என்பதே நம் நெஞ்சைச் சுடுகிறது. குடியேற்றத் தீவிரர் தலைவருள் ஒருவரான ரொபேர் மார்த்தெல், சிலுவை ஏந்திய திருஇருதயத்தையே தம் இயக்கத்தின் சின்னமாக்கினார். மனிதருக்காகக் குத்தித் திறக்கப்பட்ட இருதயம், மனிதரைக் குத்துவோரின் கொடியாயிற்று. 'அகுஸ்தினாரின் மண்ணை மீட்டோம்' என்பது குடியேறியோரின் பழைய பெருமிதம். அகுஸ்தினாரோ தகாஸ்தேயில் பிறந்த ஆப்பிரிக்கர்! அவருடைய அன்னை மோனிக்காவின் பெயரே பெர்பர் வேர் உடையது என்பர் அறிஞர். இன்று அவர் திரும்பி வந்திருந்தால் எந்த வாக்காளர் தொகுதியில் அவரைச் சேர்த்திருப்பார்கள்?

இறையியல் பயின்றோர் வாளாவிருக்க முடியாத இடம் இன்னொன்று. 1962 ஆகஸ்டு 22-இல் அதிபர் தெ கோலைக் கொல்ல முயன்ற குழுவின் தலைவர் பஸ்தியேன்-திரி பக்தியுள்ள கத்தோலிக்கர். நீதிமன்றத்தில், கொடுங்கோலனைக் கொல்வது தகும் என்று வாதிட்டுப் புனித தோமா அக்குவினாவைச் சான்றுக்கு அழைத்தார். 1963 மார்ச் 11-இல் கையில் செபமாலையோடு சுடப்பட்டார். அந்த மரணத்தைக் கண்டு நாம் மகிழவில்லை. மன்னிக்கத்தக்க ஒருவரைக் கொன்ற தண்டனை அது என்றே எண்ணுகிறோம். ஆயினும் அவரது வாதம் பொய் வாதம்.

புனித தோமா இளமையில் எழுதிய உரை ஒன்றில், வன்முறையால் ஆட்சியைப் பறித்தவனைக் கொல்வது பற்றி இசைவான தொனி உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் பின்னாளில் ஆட்சி பற்றி அவர் எழுதிய நூலில், தனிமனிதர் தம் துணிபைக் கொண்டு ஆள்வோரைக் கொல்வதை அவர் வெளிப்படையாகவே மறுக்கிறார்; பொது அதிகாரத்தால் மட்டுமே கொடுங்கோன்மைக்கு எதிராகச் செயற்பட வேண்டும் என்கிறார். காரணமும் சொல்கிறார்: அந்த உரிமையைத் தனிமனிதருக்குக் கொடுத்தால், நல்ல அரசரைக் கொல்லவே தீயோர் அதனைப் பயன்படுத்துவர். மேலும், அவர் கருத்தில் கொடுங்கோலன் என்பவன் பொதுநலனைத் துறந்து தன்னலத்துக்காக ஆள்பவன். மக்களிடம் வாக்குக் கேட்டு, அவர்தம் விடையின்படி ஒரு போரை முடித்தவர் எவ்வாறு கொடுங்கோலர் ஆவார்? மேற்கோளின் ஒரு பாதியை மட்டும் கையிலெடுப்போர் அதைக் கத்தியாகவே பிடிக்கின்றனர்.

"மறுதரப்பு மட்டும் தூய்மையானதா?" என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டும். 1955 ஆகஸ்டில் பிலிப்வில் பகுதியில் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1956 செப்டம்பர் 30-இல் அல்ஜியர்ஸின் சிற்றுண்டிச்சாலைகளில் விடுதலை முன்னணி வைத்த குண்டுகள் இளையோரைச் சிதைத்தன. 1962 சூலை 5-இல் ஒரான் நகரில் ஐரோப்பியர் பலர் கொலையுண்டனர். இவற்றுள் எதற்கும் நாம் சாக்குச் சொல்ல மாட்டோம். அந்த ஐரோப்பியருள் மிகப் பலர் பெருநிலக்கிழார் அல்லர். தச்சரும் எழுத்தரும் சிறு கடைக்காரருமே. அவர்களது அச்சம் மெய்யானது.

ஆனால் அந்த மெய்யான அச்சத்தை இந்தக் காவலர்கள் என்ன செய்தார்கள்? 1962 மார்ச் 18-இல் கையெழுத்தான எவியான் ஒப்பந்தம், ஐரோப்பியர் அந்நாட்டிலேயே தங்கி, மூன்று ஆண்டுகள் குடியுரிமை பற்றி எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வழி வகுத்தது. அது முழுமையான காப்பு என்று நாம் சொல்லவில்லை; ஆயினும் ஒரு கதவு திறந்திருந்தது. ஓ.ஏ.எஸ். அடுத்த வாரங்களிலேயே கொலைகளைப் பெருக்கியது. மார்ச் 26-இல் அதன் அழைப்பை ஏற்றுத் தெருவில் இறங்கிய ஆயுதமற்ற ஐரோப்பியர்மீது பிரெஞ்சுப் படையே சுட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழைத்தவர்கள் மறைவிடத்தில் இருந்தார்கள். வந்தவர்கள் தெருவில் கிடந்தார்கள். அயலாருக்கு இடையே எஞ்சியிருந்த நம்பிக்கை இழை ஒவ்வொரு குண்டுக்கும் அறுந்தது. சூன் 17-இல், எந்த முன்னணியை அழிக்கப் புறப்பட்டார்களோ அதனோடே அல்ஜியர்ஸில் உடன்பாடு செய்துகொண்டனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெட்டிகளோடு கப்பலேறி, பிறந்த மண்ணையும் முன்னோர் கல்லறைகளையும் விட்டு ஓடினர். ஒரு சமூகத்தைக் காக்க எழுந்த படை அந்தச் சமூகத்தையே வேரோடு பிடுங்கியது. இதுவே நாம் ஆலய முற்றத்து நண்பருக்குச் சொல்ல விரும்பும் முதற் செய்தி.

இரண்டாவது செய்தி ஒரு மனிதரைப் பற்றியது. 1954 முதல் அல்ஜியர்ஸ் பேராயராக இருந்தவர் லெயோன்-எத்தியேன் துவால். 1955 சனவரியிலேயே, கைதிகளை வதைப்பது கிறிஸ்தவ மனச்சான்றுக்கு அடாது என்று எழுதினார். பின்னர் அம்மக்களின் தன்னுரிமைக்கும் குரல் கொடுத்தார். அவருடைய சொந்த மந்தையே அவரை 'முகமது துவால்' என்று அழைத்து நகைத்தது. ஏளனமாய்ச் சூட்டிய அப்பெயர் அவருக்கு மணிமகுடம் ஆயிற்று. 1962-இல் பேராலயம் மீண்டும் மசூதியானபோதும் அவர் ஓடவில்லை. கட்டடம் போயிற்று, திருச்சபை தங்கிற்று. 1965-இல் கர்தினாலானார், அல்ஜீரியக் குடியுரிமையும் பெற்றார். 1996 மே 30-இல் இறந்தார். அதே மாதம் கொல்லப்பட்ட திபிரின் மடத்துத் துறவியர் எழுவரோடு சேர்த்து அவருக்கும் இறுதித் திருப்பலி நடந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள், ஒரான் ஆயர் பியர் கிளவெரி குண்டுவெடிப்பில் பலியானார். அவர் ஓ.ஏ.எஸ்.-இன் கோட்டையாய் விளங்கிய பாப்-எல்-ஊது பகுதியில் பிறந்தவர். நற்செய்தியில் அயலாரை நேசிக்கக் கற்றும், தம்மைச் சூழ்ந்த முஸ்லிம் அயலாரைக் கண்ணாலும் காணாமல் வளர்ந்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அரபு மொழியைக் கற்று, பிறந்த மண்ணுக்கே மீண்டார். அவரோடு இறந்தவர் அவருடைய இளம் முஸ்லிம் ஓட்டுநர் முகமது புஷிக்கி. இருவர் குருதியும் ஒன்றாய்க் கலந்தது. 2018 திசம்பர் 8-இல் ஒரானிலேயே கிளவெரியும் உடன் மறைசாட்சியர் பதினெண்மரும் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர். காவற்படை கொணராத மரியாதையை, ஆயுதமற்ற சாவு அம்மண்ணில் கொணர்ந்தது.

கிளவெரியின் அந்த ஒப்புதல் நம்மைத்தான் குத்துகிறது. நாள்தோறும் ஞானஉபதேசம் கேட்ட ஓர் இளைஞனுக்குப் பக்கத்து வீட்டான் கண்ணில் படவில்லை என்றால், பழி அவனுக்கு மட்டுமா? கற்பித்த குருக்களுக்கு இல்லையா? நல்ல சமாரியர் உவமையை எத்தனை முறை பேசியிருப்பார்கள்! அந்தச் சமாரியர் யார் என்று தெருப்பெயர் சொல்லிக் காட்டினார்களா? நாமும் அப்படியே. மக்கள் முகம் சுளிப்பர் என்று அஞ்சி, மறையுரையை மெல்லிய பஞ்சாக்கிப் பீடத்தினின்று இறங்கிய நாள்கள் நமக்கும் உண்டு. ஓ.ஏ.எஸ். குண்டு தயாரித்த நிலவறைகளில் மட்டும் உருவாகவில்லை. யாரையும் உறுத்தாத மறையுரைகளின் நிழலிலும் அது வளர்ந்தது.

ஆகவே, முற்றத்து நண்பரே, பலசாலிகள் நால்வரைத் தேடுமுன் நம் தெருவில் நாம் பெயர் அறியாத நாலு வீடுகளை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஞாயிறு அவற்றின் பெயர்களோடு வாருங்கள். நாமும் உடன் வருகிறோம். கெத்சமனியில் வாளை உறையில் இடச் சொன்னவர் தமக்குக் காவலர் இல்லாமல் அதைச் சொல்லவில்லை. காவல் வேண்டாம் என்றே சொன்னார். அவருக்கு வேண்டாத காவல், அவர் சிலுவைக்கு மட்டும் எதற்கு?