பிரேக் இன்ஸ்பெக்டர் ஆக ஆசையா?

கூட்டேரிப்பட்டு. மயிலம் சாலை பிரியும் இடம். சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் பஸ்களும் லாரிகளும் இரவு பகலாக இங்கே பறக்கின்றன. அவற்றின் பிரேக் பிடிக்குமா? டயர் தாங்குமா? பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அரசாங்கம் அவரை "மோட்டார் வாகன ஆய்வாளர்" என்கிறது. ஜனங்கள் வைத்த பெயர் "பிரேக் இன்ஸ்பெக்டர்".

வாடகைக்கு ஓடும் வண்டிகள் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் "எப்.சி." என்ற தகுதிச் சான்று வாங்கவேண்டும்.

அந்தக் கையெழுத்து லேசானதல்ல. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிக்கூட பஸ் ஒன்றின் தரையில் ஓட்டை இருந்தது. அதன் வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். சில நாள் முன்புதான் அந்த பஸ் சான்று வாங்கியிருந்தது! பள்ளி பஸ்களுக்குத் தனி விதிகள் அதே ஆண்டு வந்தன. இப்போது ஆண்டுதோறும் பஸ்களை மைதானத்தில் நிறுத்தி, தரை, படிக்கட்டு, அவசர வழி எல்லாம் பார்க்கிறார்கள்.

சம்பளம் எப்படி? தொடக்கத்திலேயே அடிப்படைச் சம்பளம் ரூ.35 ஆயிரத்துக்கு மேல். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. டிப்ளமா படித்தவருக்கு நல்ல உத்தியோகம்தான்.

ஆனால் இடங்கள் குறைவு. 2018இல் தேர்வாணையம் அறிவித்தவை மாநிலம் முழுமைக்கும் 113. இனி எப்.சி. சோதனையை இயந்திரங்கள் உள்ள நிலையங்களுக்கு மாற்றவேண்டும் என்பது மத்திய அரசு விதி. அதற்கு 2024 அக்டோபர் என்று நாள் குறித்திருந்தார்கள். ஆனாலும் லைசென்ஸ் சோதனை, சாலைச் சோதனை, விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்ப்பது ஆகிய வேலைகள் இருக்கின்றன.

2018இல் வாலிபர்கள் இடறி விழுந்தது பரீட்சையில் அல்ல, பட்டறையில்! மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் டிப்ளமா வேண்டும். அப்போது மோட்டார் சைக்கிள், லாரி, பஸ் ஓட்டும் லைசென்ஸும் கேட்டார்கள். இவற்றோடு, கார், லாரி, பஸ் எல்லாம் பழுது பார்க்கும் பட்டறையில் ஓராண்டு வேலை செய்திருக்கவும் வேண்டியிருந்தது. 1989இல் வந்த விதி அது. 2018 தேர்வில் இந்த அனுபவச் சான்றே பெரிய தகராறானது. பலர் தள்ளப்பட்டார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. ஆண்டுகள் ஓடின.

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பட்டறையில் சேர்ந்த பையன் அப்போது முதல் நாளே முதலாளியிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கவேண்டும்: "இங்கே லாரியும் பஸ்ஸும் வருமா? சம்பளப் பதிவேட்டில் என் பெயர் ஏறுமா?"