‘சார்ஜ்’ ஒன்று, தமிழில் ஐந்து: இது குறையா?

ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ என்ற ஒரே சொல் போதும்; தமிழுக்கோ மின்னூட்டம், கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு, தடியடி என்று இடத்துக்கொரு சொல் வேண்டியிருக்கிறது. அறிவியலையும் சட்டத்தையும் தாங்கும் பக்குவம் தமிழுக்கு இன்னும் வரவில்லை என்பதற்கு இதுவே சான்று என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். தமிழ்வழிக் கல்வியைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இந்த வாதமும் ஏதோ ஒரு வடிவில் எழுகிறது. இதனுள் மூன்று கூற்றுகள் அடங்கியிருக்கின்றன. ஒரு சொல்லுக்கு ஒரே நிகர்ச்சொல் இருப்பதுதான் மொழியின் வளம் என்பது முதலாவது. ஒரே சொல்லாக இருப்பதால் ஆங்கிலம் தெளிவாக இருக்கிறது என்பது இரண்டாவது. ஆகவே எல்லா இடத்திலும் ‘சார்ஜ்’ என்றே எழுதிவிடலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் தவறு.

முதல் கூற்றை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் வண்டியைக் குறித்த சொல்லிலிருந்து வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறிக்கும் வினை பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. பிறகு சுமை என்ற அந்தப் பொருள் பல பக்கம் கிளைத்தது. ஒருவர் தோளில் ஏறிய கடமை, ஒருவர் தலையில் விழுந்த பழி, வாங்கியவர் செலுத்தவேண்டிய தொகை, துப்பாக்கியில் இட்ட மருந்து எல்லாம் ‘சார்ஜ்’ ஆயின. 18-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் போன்றோர் லெய்டன் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்தபோது அதற்கும் இதே சொல் பொருந்தியது. ஆக, இத்தனை பொருள்களும் ஒரு சொல்லில் குவிந்தது ஆங்கிலத்தின் வரலாற்று நிகழ்வு. அந்த வரலாற்றை மற்ற மொழிகளும் அப்படியே திரும்ப நடத்தவேண்டிய கட்டாயமில்லை. ஜெர்மன் மொழி மின்னூட்டத்தை ‘லாடுங்’ என்றும், கட்டணத்தை ‘கெபூர்’ என்றும், நீதிமன்றக் குற்றச்சாட்டை ‘அன்க்லாகெ’ என்றும் பிரித்தே சொல்கிறது. ஜெர்மன் அறிவியலுக்கு ஏற்ற மொழியல்ல என்று யாரும் சொல்வதில்லை. எதிர்த்திசையிலும் பார்க்கலாம். தமிழின் ‘படி’ என்ற சொல் வாசிப்பதையும், மாடி ஏறும் படிக்கட்டையும், நகலையும், அளக்கும் கருவியையும், பஞ்சப்படி போன்ற ஊதியப் பகுதியையும் குறிக்கிறது. ஆங்கிலத்துக்கு இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும். அதை ஆங்கிலத்தின் வறுமை என்று சொல்லாதபோது, ‘சார்ஜ்’ விஷயத்தில் மட்டும் தமிழைக் குறைசொல்வது எந்த வகையில் நியாயம்?

ஒரே சொல் தெளிவு தரும் என்ற இரண்டாவது கூற்றைப் பள்ளி இயற்பியலே மறுக்கிறது. செல்பேசிக்கு ‘சார்ஜ்’ ஏற்றுகிறோம். எலெக்ட்ரானுக்கும் ‘சார்ஜ்’ இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால், பேட்டரிக்குள் மின்னூட்டம் நிறைந்து கிடக்கிறது என்று மாணவர் எண்ணுவது இயல்பு. உண்மையில், முழுதாக ஏறிய பேட்டரியும் மொத்தத்தில் ஏறக்குறைய மின்நடுநிலையில்தான் இருக்கிறது. அதில் சேர்ந்திருப்பது வேதி ஆற்றல். 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பேட்டரியின்மேல் எழுதியிருந்தால், அது தீரும்வரை 18,000 கூலும் மின்னூட்டம் சுற்றின் வழியே ஓடும் என்று பொருள். ஒரு முனையிலிருந்து வெளியேறிய அளவு மறுமுனையில் திரும்பி நுழைந்துவிடுகிறது. ‘மின்னூட்டம்’ என்று துகளின் பண்பையும், ‘மின்னேற்றம்’ என்று பேட்டரிக்குச் செய்யும் வேலையையும் தமிழ் பிரித்துச் சொல்லும்போது, ஆங்கிலவழி மாணவர் தனியாகக் கடக்கவேண்டிய குழப்பம் தமிழ்வழி மாணவருக்குப் பெருமளவு குறைகிறது.

சட்டத்திலும் இதுவே நிலை. புலனாய்வு முடிந்ததும் காவல்துறை தாக்கல் செய்யும் ஆவணமும், பிறகு நீதிபதி குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது முறைப்படி வகுப்பதும் ஆங்கிலப் பேச்சில் ‘சார்ஜ்’ என்ற சொல்லாலேயே சுட்டப்படுகின்றன. தமிழில் முன்னது குற்றப்பத்திரிகை. பின்னது குற்றச்சாட்டு வனைதல். முதலாவது காவல்துறையின் செயல், இரண்டாவது நீதிமன்றத்தின் செயல் என்பது சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. ஆனால் மேடையில் ஒருவர் மற்றவர்மீது சுமத்தும் புகாரையும் ‘குற்றச்சாட்டு’ என்றுதான் தமிழில் சொல்கிறோம். அங்கே ஆங்கிலம் வேறு சொல் வைத்திருக்கிறது என்று ஒருவர் சுட்டலாம். அது உண்மை. ‘வனைதல்’ என்ற வினை நீதிமன்றத் தமிழில் அவ்வளவு உறுதியாக நிற்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. எந்த மொழியிலும் சில இடங்களில் பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கும், சில இடங்களில் பிரியும்.

எல்லாருக்கும் புரிகிற ‘சார்ஜ்’ என்ற சொல்லையே எல்லா இடத்திலும் எழுதலாமே என்ற மூன்றாவது கூற்று, கடன்சொல் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனிக்கவில்லை. கடன்சொல் தன் எல்லாப் பொருள்களோடும் வருவதில்லை. ஒன்றிரண்டோடுதான் வந்து நிலைக்கிறது. ‘போன்ல சார்ஜ் இல்ல’ என்பது இன்று நல்ல தமிழ்ப் பேச்சு; அதை யாரும் திருத்தவேண்டியதில்லை. ஆனால் ‘அவர்மீது சார்ஜ் இருக்கிறது’ என்று எழுதினால் அது வழக்கா, பொறுப்பா, நிலுவைத் தொகையா என்று வாசகர் திகைக்க வேண்டியிருக்கும். பேச்சில் நிலைத்துவிட்ட ஒரு பொருளை ஏற்றுக்கொள்வதாலேயே மற்ற பொருள்களையும் அந்தச் சொல்லின்மேல் சுமத்திவிட முடியாது.

வலுவான ஆட்சேபம் ஒன்று எஞ்சுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘மின்னூட்டம்’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘ஏற்றம்’ என்கிறது, இது குழப்பமில்லையா? இது மெய்யான குறைதான், களையவேண்டியதும்தான். ஆனால் இது முற்றிலும் வேறு குறை. ஒரே துறையில் ஒரே கருத்துக்கு இரண்டு சொற்கள் நிற்பதுதான் இங்கே இடர். வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கருத்துகளுக்கு வெவ்வேறு சொற்கள் இருப்பது இடரே அல்ல. முதலாவதைத் தீர்க்க இரு நாட்டுப் பாடநூல் ஆசிரியர்களும் கலந்து பேசினால் போதும். அதைக் காட்டி இரண்டாவதையும் குறையென்று சொல்வது வாதப்பிழை.

ஆகவே, மொழிபெயர்ப்பவர்களும் பாடநூல் எழுதுபவர்களும் ஆங்கிலச் சொல்லை எண்ணாமல் கருத்தை எண்ணவேண்டும். ஒரு துறைக்குள் ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்று உறுதியாக நில்லுங்கள். துறை மாறினால் சொல்லை மாற்றத் தயங்காதீர்கள். அகராதி தரும் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், இந்த வாக்கியத்தில் எந்தக் கருத்து பேசப்படுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். ஐந்து சொற்கள் வைத்திருப்பதற்காகத் தமிழ் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.