ஊரார் பணம், ஊரார் ஏடு

மாரி காலம் வந்துவிட்டால் நமது ஒழுங்கையில் இரண்டு வெள்ளங்கள் பெருகும். ஒன்று மழை வெள்ளம். மற்றது பேச்சு வெள்ளம். கான் கட்டும் வேலையைப் பாதியில் நிறுத்தி மிச்சப் பணத்தைப் பங்கிட்டுக் கொண்டார்கள் என்பார் ஒருவர். ஓவசியர் தமது வீட்டுக்குப் புது மதில் கட்டியது எந்தச் சீமெந்தில் என்று கேட்பார் இன்னொருவர். மழை விட்டதும் மழை வெள்ளம் வடிந்துவிடும். பேச்சு வெள்ளம் அடுத்த மாரிவரை தேங்கி நிற்கும்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் கணவனை இழந்த ஒரு தாயும் அவளுடைய இரு பிள்ளைகளும் வாழ்கின்றனர். கனத்த மழை பெய்யும் இரவுகளில் பாடப்புத்தகங்களை அலுமாரியின் உச்சியில் ஏற்றி வைத்துவிட்டு, மூவரும் ஒரே கட்டிலின்மேல் குந்தியிருந்து விடியலைப் பார்த்திருப்பார்கள். இவ்வாறு பல மாரிகள் கழிந்தன. பேசியவர்கள் பலர், சபையின் ஏட்டைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அதைப் பார்க்கலாம் என்று அறிந்தவரும் ஒருவருமில்லை. நாமும் அவ்வாறே இருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

மாநகர சபை என்பது யாது? நாம் செலுத்தும் ஆதன வரியையும் கட்டணங்களையும் நாம் செலுத்தும் வேறு வரிகளிலிருந்து அரசு கொடுக்கும் பணத்தையும் கொண்டு, நமக்காக நடத்தப்படும் ஒரு பொது வீடு. கொழும்புக்கும் கண்டிக்கும் 1865 ஆம் ஆண்டிலேயே மாநகர சபைகள் அமைந்தன. யாழ்ப்பாணம் 1949 ஆம் ஆண்டில் மாநகர சபையாயிற்று. ஆயினும் மிக நெடுங்காலமாகச் சபையின் கோவைகள் கந்தோருக்கே சொந்தம் என்ற எண்ணம் இருபுறத்தும் வேரூன்றியிருந்தது. வீட்டுக்காரனே தன் வீட்டுக் கணக்கைக் கேட்கக் கூசி நின்ற விந்தை அது.

அந்த நிலை சட்டத்தால் மாறிற்று. 2015 ஆம் ஆண்டில் நிறைவேறிய பத்தொன்பதாவது திருத்தம், தகவலைப் பெறும் உரிமையை அரசியலமைப்பிலேயே ஓர் அடிப்படை உரிமையாக எழுதி வைத்தது. அதனை நடைமுறைப்படுத்துவதற்காக 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. 2017 பெப்ரவரி 3 ஆந் திகதி முதல் அது செயலில் இருந்து வருகின்றது. அமைச்சுக்கள், திணைக்களங்கள் மாத்திரமன்றி, மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியனவும் அதற்குக் கட்டுப்பட்டவை. கேட்பவர் இந்நாட்டின் பிரசையாக இருந்தாற் போதும்.

உரிமை இருக்கின்றது என்று அறிந்ததும் நாம் செய்த முதற் காரியம் ஒரு தவறு. அத்தவற்றையும் சொல்லிவிடுகிறோம், வாசகர்களுக்கு அது பயன்படும். "எமது ஒழுங்கையை ஏன் புறக்கணிக்கிறீர்கள்? இதற்கு யார் பொறுப்பு?" என்று காரசாரமாக ஒரு கடிதம் வரைந்தோம். "தங்கள் கடிதம் கவனத்திற் கொள்ளப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நமது ஒழுங்கையில் வசிக்கும் இளைப்பாறிய உபாத்தியாயர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "கோபத்தை எழுதினால் சமாதானந்தான் பதிலாக வரும். கடதாசியைக் கேளுங்கள், கடதாசி வரும்" என்றார்.

இந்தச் சட்டத்தை நாடும் எவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய வாசகம் இதுவே. சட்டம் நமக்குத் தருவது சபையிடம் உள்ள ஏடுகளை அறியும் உரிமை. சபையோடு வழக்காடும் உரிமையன்று. ஆகவே "ஏன்" என்று தொடங்காமல், இன்ன வேலைக்கான இன்ன ஏடு என்று குறித்துக் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது விண்ணப்பத்தை அந்தக் கடைசி வீட்டுத் தாயின் பெயரிலேயே அனுப்புவதென்று தீர்மானித்தோம். உயர்தர வகுப்பில் படிக்கும் அவளுடைய மூத்த மகள் உபாத்தியாயரின் திண்ணையில் இருந்து எழுதினாள். இதற்கென ஒரு படிவம் உண்டு. எனினும் அதிலேதான் எழுத வேண்டுமென்ற கட்டாயமில்லை. வெறுந்தாளில் எழுதிய கடிதமே போதும். எழுத இயலாதவர் நேரிற் சென்று வாயாற் சொன்னாலும், தகவல் அலுவலர் அதனை எழுத்தில் வடித்துக் கொள்ளக் கடமைப்பட்டவர். அந்தப் பிள்ளை எழுதியதன் சாரம் இது:

"தகவல் அலுவலர் அவர்களுக்கு. எமது ஒழுங்கையில் இன்ன ஆண்டில் நடைபெற்ற கான் வேலை தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தந்துதவுமாறு வேண்டுகின்றேன். ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடு. இரண்டு, ஒப்பந்தகாரரோடு செய்த உடன்படிக்கை. மூன்று, முடிந்த வேலையை அளந்து எழுதிய குறிப்பு. நான்கு, பணம் கொடுத்ததற்கான வவுச்சர். ஐந்து, இவ்வேலை பற்றிச் சபைக்குள் எழுதப்பட்ட கடிதங்கள்."

கீழே பெயர், முகவரி, திகதி, கையொப்பம். இவ்வளவே. வசைச்சொல் ஒன்றேனும் இல்லை, கண்ணீரும் இல்லை.

தாயும் மகளும் கந்தோருக்குச் சென்றனர். தகவல் அலுவலர் யார், மேன்முறையீட்டைக் கேட்பவர் யார், கட்டணம் எவ்வளவு என்ற விபரங்களைப் பலரும் காணுமிடத்தில் அறிவித்தலாக வைத்தல் வேண்டும் என்பது சட்டம். ஆதலால் முதலிற் பார்க்க வேண்டியது அறிவித்தற் பலகையையே. அங்கிருந்த லிகிதர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்கு எதற்கு அம்மா?" என்று கேட்டார். தாய் தயங்கினாள். மகள் மட்டும் மெல்லிய குரலில், "ஐயா, காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தில் இருக்கிறதாம்" என்றாள். லிகிதர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, திகதி முத்திரை குத்தி, கடிதம் கிடைத்ததற்கான சீட்டையும் எழுதிக் கொடுத்தார். பிள்ளை சொன்னது முற்றிலும் சரியே. சாதாரண விண்ணப்பத்துக்குக் காரணங் காட்ட வேண்டியதில்லை. அந்தச் சீட்டை நகை போலப் பாதுகாத்தல் வேண்டும்; நாட்கணக்கு அதிலிருந்தே தொடங்குகின்றது.

விண்ணப்பத்தின் மீது இயன்றளவு விரைவாகவும், எவ்வாறாயினும் 14 வேலை நாட்களுக்குள்ளும் முடிவு சொல்லல் வேண்டும். தருவதென முடிவானால், அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வரவேண்டும். பக்கங்கள் மிகப் பலவாயின், அல்லது தூர இடத்திலிருந்து பெற வேண்டியதாயின், மேலும் 21 நாட்கள் வரை தவணை உண்டு. ஒருவரின் உயிரையோ தனிப்பட்ட சுதந்திரத்தையோ தொட்ட தகவலாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் சொல்லுதல் வேண்டும்.

14 வேலை நாட்கள் சென்றன. பதில் இல்லை. "இதற்குத்தானே சொன்னேன்" என்று பேச்சு வெள்ளம் மீண்டும் கிளம்பிற்று. சட்டமோ மௌனத்தையும் ஒரு மறுப்பாகவே கொள்ளுகின்றது. மறுத்தாலும், பதிலளியாது விட்டாலும், அரைகுறையாகத் தந்தாலும், அளவுக்கு மிஞ்சிக் கட்டணம் கேட்டாலும், 14 நாட்களுக்குள் அதே சபையில் மேன்முறையீட்டுக்கெனக் குறிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு கூறுதல் வேண்டும். அங்கும் நியாயம் கிடையாதாயின், இரண்டு மாதங்களுக்குள் ஐந்து உறுப்பினரைக் கொண்ட தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம். அதன் முடிவிலும் குறை கண்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டு. ஏட்டை அழிப்பதும், திருத்துவதும், தெரிந்துகொண்டே பிழையான தகவலைக் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

அத்துணை தூரம் நாம் செல்ல நேரவில்லை. முதல் மேன்முறையீட்டுக் கடிதம் போன இரண்டாம் வாரத்தில், பிரதிகள் ஆயத்தம் என்று அறிவித்தல் வந்தது. பதினொரு பக்கங்கள். 2017 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கட்டண விதிகளின்படி சிறிய தாளின் முதல் நான்கு பக்கங்கள் இலவசம். அதற்குமேல் ஒருபக்கப் பிரதி ஒன்றுக்கு இரண்டு ரூபா. தாய் 14 ரூபாவைச் செலுத்திப் பற்றுச்சீட்டையும் வாங்கிக் கொண்டாள். பிரதி வேண்டாதார் கோவையை நேரிற் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் கேட்கலாம். நடைபெறும் வேலையையே சென்று பார்க்கவும் சட்டம் இடந்தருகின்றது.

அன்று மாலை உபாத்தியாயரின் திண்ணையில் ஒழுங்கையார் கூடினர். பிள்ளை ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். கானுக்கு ஒதுக்கிய பணம் ஒழுங்கையின் வளைவு வரைக்குமே. அளந்த குறிப்பிலும் வளைவு வரையே இருந்தது, வவுச்சரும் அவ்வளவுக்கே. ஆகவே பங்கிட்டுக் கொள்ள மிச்சப் பணம் என்று ஒன்று இருந்ததேயில்லை. கடைசி இரண்டு பக்கங்களும் அந்த ஓவசியர் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள். "வேலையை வளைவோடு நிறுத்தினால் தண்ணீர் முழுவதும் கடைசி வீட்டில் தேங்கும், ஆகையால் எஞ்சிய பகுதிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்" என்று அம்மனிதர் இரு தடவை எழுதியிருந்தார்.

வாசித்து முடிந்ததும் திண்ணையில் ஒருவரும் பேசவில்லை. எவரைக் கள்வர் என்று சொல்லிச் சொல்லி வாய் சலித்தோமோ, அவரே அந்தக் கடைசி வீட்டுக்காக வாதாடிய ஒருவர். அவதூறு பேசிய வாய்களுள் நமதும் ஒன்று. மறுநாள் உபாத்தியாயரும் நாமுமாக அவரது வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர், "நான் எழுதியதை ஊர் வாசிக்கும் என்று நினைக்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

ஏட்டின் பெருமை இதுவே. கள்வனைக் காட்டிக் கொடுக்கவும் அது வல்லது; நல்லவனைக் காத்து நிற்கவும் அது வல்லது. ஏடு மறைந்திருக்கும் ஊரில் இருவரும் ஒன்றாகவே தோன்றுவர்.

தமிழ்க் குடும்பங்கள் மறவாதிருக்க வேண்டிய ஒன்று உண்டு. சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள நகரங்களிலும், தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. சட்டப்படி பார்வையிடவோ பிரதி பெறவோ உரித்துள்ள ஏடாயின், அதன் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிற் பெறலாம் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுகின்றது. மொழி தெரியாதே என்று அஞ்சிப் பின்வாங்குதல் வேண்டா.

கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அயலாரின் மருத்துவக் குறிப்பு, பொதுக் காரியத்தோடு தொடர்பற்ற தனிப்பட்ட வாழ்க்கை, நாட்டின் பாதுகாப்பு முதலியவற்றைச் சட்டம் விலக்கி வைத்திருக்கின்றது. ஆயினும் வெளியிடுவதால் வரும் பொதுநன்மை மிகுதியாயின் அவையும் தரப்படலாம். ஒரு கோவையில் ஒரு பகுதி மட்டும் விலக்குக்கு உரியதாயின், அதை நீக்கி எஞ்சியதைத் தருதல் வேண்டும். அயலவனோடு உள்ள பகையைத் தீர்க்க இச்சட்டத்தைக் கையில் எடுப்பவர், நல்ல கத்தியைக் கொண்டு வேலி வெட்டப் போகிறவரே.

கேட்பதற்கு ஏடு இருக்கவும் வேண்டுமன்றோ? புதிதாக எழுதப்படும் பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகளுக்குக் காத்தல் வேண்டும் என்றும் இச்சட்டம் விதிக்கின்றது. ஏடு அழிந்தால் ஊர் எதை இழக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாண மாநகர சபையின் பொறுப்பிலிருந்த பொது நூலகம் 1981 ஆம் ஆண்டில் எரிந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கின்றது.

இனி, நமது கான் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பர். அது இன்னும் வளைவிலேயே நிற்கின்றது. ஓவசியரின் இரு கடிதங்களின் பிரதிகளோடு ஒழுங்கையார் அனைவரும் கையொப்பமிட்ட மனுவொன்றை, அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னரே வட்டார உறுப்பினரிடம் சேர்த்திருக்கிறோம். பணம் ஒதுக்கப்படுமோ என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். ஒதுக்காவிடின், ஏன் ஒதுக்கவில்லை என்று கூச்சலிடமாட்டோம். அத்தீர்மானம் எழுதப்பட்ட கூட்ட அறிக்கையின் பிரதியைக் கேட்போம்.

மாணவர்களே, இது உங்களுக்கு. உங்கள் வீதி விளக்கு, குப்பை வண்டி, விளையாட்டு மைதானம், வாசிகசாலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எடுத்து, அதைப் பற்றிச் சபையிடம் என்னென்ன ஏடுகள் இருக்கக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பின் உங்கள் தாய் தந்தையரிடம் கொடுங்கள். கடைசி வீட்டுப் பிள்ளை இப்போது ஒழுங்கையார் பலருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறாள். அவளுடைய புத்தகங்கள் இந்த மாரியிலும் அலுமாரியின் உச்சியில்தான் இருக்கும். ஆனால் அவற்றின் பக்கத்திலே, அந்தப் பதினொரு பக்கங்களும் ஒரு கோவையில் நனையாமல் இருக்கும்.