டேங்க்கில் ஊற்றும் டானிக்

டீசல் டேங்க் மூடியைத் திறந்து வைத்தால் போதும், நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது ஊற்றிப் பார்க்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். டூ-டி ஆயில் ஊற்றினார்கள். பெட்ரோல் வண்டிக்காரர்கள் அந்துருண்டையைப் பொடி செய்து போட்டார்கள். 1996-ல் ராமர் பிள்ளை மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கிறேன் என்றபோது நாடே வாய் பிளந்து பார்த்தது. (எனக்கு அப்போது அரை டிராயர் வயசு.) வழக்கு நடந்து 2016-ல் சென்னை கோர்ட் மூன்று வருஷம் தண்டனை கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும், "இல்லப்பா, அதுல ஏதோ சமாசாரம் இருந்துச்சு" என்று சொல்கிற பெரிசுகள் எங்கள் டீக்கடையில் இருக்கிறார்கள்.

இப்போது அந்த ஆசை கலர் கலராக பாட்டிலில் வருகிறது. பெயர் டீசல் அடிட்டிவ். மைலேஜ் கூடும், புகை குறையும், இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும், ஆயுள் நீளும். மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்பது மட்டும்தான் லேபிளில் பாக்கி.

ஆபீஸ் போகிற உங்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம்மில் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் அதில் இரண்டு பேராவது 'ஒரு பிக்-அப் வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன?' என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஏற்கெனவே மச்சான் பெயரில் வாங்கியிருப்பார். வண்டி வைத்திருப்பவனுக்கு டியூ, டயர், டீசல் என்று மூன்று எஜமானர்கள். முதல் இரண்டு பேரிடம் பேரம் பேச முடியாது. மூன்றாவது ஆளிடம் ஏதாவது குறைக்க முடியுமா என்று பார்க்கும்போதுதான் இந்த பாட்டில் கண்ணில் படுகிறது.

எங்கள் தெருத் தம்பி ஒருவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு பாலக்காடு போய் வருகிறவர். ஒருநாள் பாட்டிலும் கையுமாக நின்றார். "அண்ணே, ஐம்பது லிட்டருக்கு ஒரு பாட்டிலு. முந்நூத்தம்பது ரூவாதான். அமெரிக்காவுல எல்லா டிரைவரும் இதான் ஊத்துறானாம். வீடியோ பார்த்தேன்."

"மைலேஜ் எவ்வளவு கூடுச்சு?"

"நல்லா கூடுச்சுண்ணே."

"நல்லான்னா?"

தம்பி வானத்தைப் பார்த்தார்.

பி.காம். படித்த தோஷம், எனக்கு உடனே பேப்பர் வேண்டும். நீங்களும் போட்டுப் பாருங்கள், அஞ்சாங் கிளாஸ் கணக்குதான். பாட்டில் விலையை அது எத்தனை லிட்டர் டீசலுக்கு என்பதால் வகுக்கவேண்டும். 350-ஐ 50-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 7 ரூபாய். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 7 ரூபாயை 92-ஆல் வகுங்கள். சுமார் 7.6 சதவீதம். அதாவது வண்டி 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தால், மருந்துக்குப் பிறகு ஏறக்குறைய 12.9 கொடுத்தால்தான் போட்ட காசு கைக்கு வரும். லாபம் அதற்கு மேலேதான் ஆரம்பம்! மூன்று சதவீதம் கூடுகிறது என்று லேபிள் சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 2 ரூபாய் 76 பைசா மிச்சம் பிடிக்க 7 ரூபாய் செலவு. தம்பி மாசம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 250 லிட்டர். பாட்டிலுக்கு மட்டும் 1,750 ரூபாய். வருஷத்துக்கு 21,000. அவர் மாசா மாசம் டியூ கட்டக் கைமாற்று வாங்குவதும் ஏறத்தாழ இதே தொகைதான் என்பதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

இதிலே இன்னொரு வேடிக்கை. பக்கத்து அலமாரியில் 1,200 ரூபாய்க்கு ஒரு லிட்டர் கேன் இருந்து, ஆயிரம் லிட்டர் டீசலுக்கு ஒரு லிட்டர் என்று அளவு போட்டிருந்தால், அது லிட்டருக்கு 1 ரூபாய் 20 பைசாதான். 1.3 சதவீதம் கூடினால் போதும், செலவு சரிக்குச் சரி. நாம் என்ன செய்வோம்? 1,200-ஐப் பார்த்து அலறி 350-ஐ எடுத்துக்கொண்டு வருவோம். கடைக்காரருக்கு நம் சைக்காலஜி தெரியும். பங்க்கிலேயே மருந்து கலந்து விற்கிற உயர்ரக டீசல் இருக்கிறதே, இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராகிரீன், ஹெச்.பி.யின் டர்போஜெட் மாதிரி, அதற்கும் இதே கணக்குதான். லிட்டருக்கு மூன்று ரூபாய் கூடுதல் என்றால் 3.3 சதவீதம் மைலேஜ் ஏறவேண்டும்.

சரி, அந்த அமெரிக்க டிரைவர்கள் முட்டாள்களா? இல்லை. அவர்கள் டீசல் வேறு, நம் டீசல் வேறு. டீசல் எவ்வளவு சட்டென்று பற்றிக்கொள்கிறது என்பதற்கு சீட்டேன் என்று ஒரு எண் உண்டு. அமெரிக்காவில் சட்டப்படி அது 40 இருந்தால் போதும். நம் பி.எஸ்.-6 டீசலில் 51-க்குக் குறையக்கூடாது. நாற்பதில் இருப்பவனுக்கு சீட்டேன் பூஸ்டர் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் ஆகும்போதே வித்தியாசம் தெரியும். 51-ல் இருப்பவனுக்கு ஊற்றுவது, விருந்து சாப்பிட்டு வந்தவனுக்கு இட்லி வைக்கிற கதை. அதேபோல வழவழப்பு. 'கந்தகத்தை எடுத்துட்டான், டீசல் வறண்டு போச்சு, பம்ப்பு தேயும்' என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. பாதி நிஜம். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.-4-ல் கந்தகம் 50 பி.பி.எம்., 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6-ல் 10. அதை எடுக்கிற சுத்திகரிப்பில் டீசலின் இயற்கையான வழவழப்பும் கூடவே போய்விடுகிறது. ஆனால் போனதைத் திருப்பிக் கொடுக்கிற அடிட்டிவை எண்ணெய் கம்பெனியே கலந்துதான் அனுப்புகிறது. ஒரு குண்டை டீசலில் உரசவிட்டு, விழும் தழும்பை அளப்பார்கள். நம் ஊர் விதிப்படி தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. அமெரிக்காவில் 520 வரை போகலாம். இந்த இரண்டு விஷயத்திலும் நாம் அவர்களைவிட ஒரு படி மேல். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அப்படித்தான்.

அப்புறம், தம்பியின் பாட்டிலில் 'குளிரில் உறையாது' என்று வேறு போட்டிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் டீசல் உறைந்தால் அன்றைக்கு நமக்கு வேறு கவலைகள் இருக்கும். நிஜமாகவே உறைகிற லடாக்குக்கு 2019-ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்குகிற தனி டீசலே அனுப்ப ஆரம்பித்தது. அங்கேயும் அது ரிஃபைனரியின் தலைவலி.

அப்படியென்றால் எல்லாமே ஏமாற்று வேலையா என்றால் அதுவும் இல்லை. அழுக்கு எடுக்கிற டிடர்ஜென்ட் வகைக்கு ஒரு நியாயம் உண்டு. இப்போதைய காமன்-ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டரின் துளை ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர். அதன் வழியாக ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் டீசல் பீய்ச்சியடிக்கிறது. துளையில் படிவு கட்டினால் டீசல் பூத்தூறலாக விழாமல் ஒழுகும். மைலேஜ் போகும், புகை வரும். அந்தப் படிவை நல்ல டிடர்ஜென்ட் கரைக்கும். ஆனால் இதில் வருகிற லாபம், இழந்த மைலேஜைத் திரும்பப் பெறுவதுதான். புதுசாக எதுவும் முளைக்காது. சுத்தமாக இருக்கிற இன்ஜெக்டரை மேலும் சுத்தமாக்க முடியாது, அவ்வளவே. ஒவ்வொரு டேங்க்குக்கும் ஊற்ற அவசியமில்லை. அதே 350 ரூபாய் பாட்டிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஊற்றினால், 12 மைலேஜ் கணக்கில் லிட்டருக்கு 84 பைசா. இது கட்டுப்படியாகும். இன்ஜெக்டர் தேய்ந்தே போயிருந்தால் மட்டும் எந்த பாட்டிலும் உதவாது. பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் பண்ணிப் பார்ப்பதுதான் வழி. கரும்புகைக்கும் அப்படியே. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஓவர்லோடு ஏற்றுவதை டீசல்மேல் பழி போடாதீர்கள்.

தண்ணீர் எடுக்கும் மருந்து என்று ஒன்று விற்கிறது. இதில் ரொம்ப ஜாக்கிரதை. சில மருந்து தண்ணீரை டீசலோடு மோர் மாதிரி கலக்கி இன்ஜெக்டர் வழியாகவே அனுப்பப் பார்க்கும். பழைய லாரிகளில் சமாளித்துக்கொண்டது. காமன்-ரெயிலுக்கு அது விஷம். தண்ணீரைத் தனியே பிரித்துக் கீழே இறக்குகிற வகைதான் பரவாயில்லை. அதுவும் எதற்கு? ஃபில்டருக்கு அடியில் ஒரு டிரெய்ன் ஸ்குரூ இருக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் நிற்கும், டீசல் மேலே நிற்கும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது டேங்க்கை முக்கால்வாசியாவது நிரப்பி வைத்தால் உள்ளே காற்று குறைவு, வியர்க்கும் தண்ணீரும் குறைவு. செலவு பூஜ்யம். அதனால்தானோ என்னவோ இதற்கு விளம்பரமே இல்லை.

டூ-டி ஆயில் ஊற்றுகிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய இன்ஜினுக்கு அது என்ன செய்ததோ, போகட்டும். பி.எஸ்.-6 வண்டியில் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேருகிற கரியை வண்டி தானே சூடேற்றி எரித்துவிடும். சாம்பலை எரிக்க முடியுமா? ஆயிலிலும், உலோகம் கலந்த புகை குறைப்பு மருந்துகளிலும் வருவது சாம்பல். வருஷக்கணக்கில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். லேபிளில் 'டி.பி.எஃப். வண்டிக்கு ஏற்றது' என்று இல்லாத எதையும் தொடவேண்டாம். வாரன்டி இருக்கும்வரை வண்டியோடு கொடுத்த கையேட்டையும் ஒருதடவை புரட்டுங்கள். அந்தப் புஸ்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தவர்கள் நாட்டில் குறைவு.

இத்தனைக்கும் பிறகு 'இல்லை, எனக்கு நிஜமாகவே கூடுகிறது' என்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டக்கூடாது. தம்பியின் வண்டி போகும்போது லோடு, வரும்போது காலி. பாலக்காட்டுக் கணவாயில் எதிர்க்காற்று அடித்தாலே மைலேஜ் இறங்கும். மருந்தில்லாமல் மூன்று டேங்க், மருந்தோடு மூன்று, மறுபடி இல்லாமல் மூன்று. அதே பங்க், அதே ரூட், டயரில் அதே காற்று. ஒவ்வொரு தடவையும் தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்பி நோட்டில் எழுதவேண்டும். முடிந்தால் டிரைவருக்கு எது மருந்து டேங்க் என்று சொல்லக்கூடாது. ஏனென்றால் 350 ரூபாய் கொடுத்தவன் ஆக்ஸிலேட்டரைத் தானாகவே மெதுவாக மிதிப்பான். மைலேஜும் கூடும். மருந்து வேலை செய்தது டேங்க்கிலா, காலிலா?

தம்பி நோட்டுப் போட்டு எழுதினார். ஒன்பது டேங்க்கும் முடிய ஒன்றரை மாசத்துக்கு மேல் ஆயிற்று. மருந்து டேங்க்குகளில் கூடியது 12-க்கு 0.1. வேண்டியிருந்தது 0.9. மிச்சமிருந்த இரண்டு பாட்டிலை எனக்கு விற்கப் பார்த்தார்.

கடைசியாக ஒன்று, இது பணத்தைவிடப் பெரிய விஷயம். சில பி.எஸ்.-6 வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி ஒன்று இருக்கும். அதற்கு ஊற்றுவது ஆட்-புளூ. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். அது புகையைச் சுத்தம் செய்ய, டீசலில் கலக்க அல்ல. இதுவும் ஒரு அடிட்டிவ்தானே என்று டீசல் டேங்க்கில் ஊற்றிவிடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அப்படி ஆகிவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். திருப்பினால் பம்ப், லைன், இன்ஜெக்டர் வரை போய்விடும். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் டேங்க்கைக் கழுவச் சொல்லுங்கள்.