ஆஷாவுக்கு ஏன் சம்பளம் இல்லை? கல்வராயன் மலை எழுப்பும் கேள்வி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு, பக்கத்திலுள்ள கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம் பற்றிப் பேசியாச்சு. வீடு தேடிப் போகிற பணியாளரின் கூலி?

யார் இந்த ஆஷா?

கிராம சுகாதாரப் பணியாளர். தமிழகத்தில் பெரும்பாலும் பழங்குடி, மலைப் பகுதிகளில் இருக்கிறார்கள். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது முதல் குழந்தையின் தடுப்பூசி வரை இவர்கள் பொறுப்பு.

என்ன சிக்கல்?

அரசுக் கணக்கில் இவர்கள் 'தன்னார்வலர்கள்'. கிடைப்பது ஊக்கத்தொகைதான். வழக்கமான பணிகளுக்கு மத்திய அரசு தருவது 2018 முதல் மாதம் 2,000 ரூபாய். 2025-ல் 3,500 ஆக உயர்ந்தது. நாளுக்குச் சுமார் 117 ரூபாய். பிரசவம், தடுப்பூசிக்கெல்லாம் தனித் தொகை உண்டு; ஆனால் கேஸ் இருந்தால்தான் காசு. தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கோ 2025-26-ல் தினக்கூலி 336 ரூபாய்.

தீர்வு?

புதிதாகத் தேட வேண்டியதில்லை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியம் தரச் சொன்னது 2013 இந்தியத் தொழிலாளர் மாநாடு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருதே கொடுத்துவிட்டது. சம்பளப் பட்டியலில்தான் பெயர் இன்னும் ஏறலை.