சட்டைப்பை பிஸ்டலைச் சேர்ப்பவர்கள்

தபால்தலை, பழைய நாணயம், கைக்கடிகாரம், ஃபவுண்டன் பேனா என்று எதையாவது சேர்க்காத ரிட்டயர்டு ஆசாமி நம்மில் குறைவு. ஆனால் பழைய குட்டி பிஸ்டல்களைச் சேர்ப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னால் பலருக்கு முகம் சுளிக்கிறது. "ஆளைக் கொல்கிற சாமானில் என்ன சார் ரசனை?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். வருவாய்த் துறையில் இருந்தபோது சில வருஷங்கள் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்க்கும் வேலை எனக்கு வாய்த்தது. அந்த அனுபவத்தில் என் மனதில் பட்டதை எழுதுகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

முதலில் இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் ஆக்டன் என்ற ஊர்க்காரர் ஜான் மோசஸ் பிரௌனிங். அப்பாவும் துப்பாக்கி செய்பவர். பிரௌனிங்கின் பெயரில் 128 காப்புரிமைகள் உண்டு. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை ஒட்டிய எர்ஸ்டாலில் எஃப்.என். என்ற தொழிற்சாலை இருந்தது. ராணுவத்துக்கு ரைஃபிள் செய்வதற்காக 1889-இல் தொடங்கிய கம்பெனி. பிரௌனிங் வரைந்த பிஸ்டலை அவர்கள் 1900 மாடல் என்று வெளியிட்டார்கள். அதன் தோட்டா 7.65 மி.மீ., அதாவது நம் லைசென்ஸ் புத்தகங்களில் .32 போர் என்று எழுதுவோமே, அதுதான். சில வருஷங்களில் இன்னும் சின்னதாக, 6.35 மி.மீ. தோட்டாவுக்கு ஒன்று செய்தார்கள். நீளம் நாலரை அங்குலம், எடை ஏறக்குறைய 370 கிராம், மேகசினில் ஆறு தோட்டா. வெள்ளைக்காரர்கள் கோட்டுக்குள் போடும் வெயிஸ்ட்கோட் பையில் அடங்கிவிடும். இந்த ஒரு ரகம் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி இதன் சகோதரனை 1908 முதல் 1948 வரை செய்தது. பர்மிங்காமின் வெப்ளி அண்டு ஸ்காட்டும் தன் பங்குக்கு ஒரு .25 போட்டது. பிரௌனிங் 1926-இல் அந்தப் பெல்ஜியத் தொழிற்சாலையிலேயே உயிர்விட்டார்.

இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்றால், வேலைப்பாடு இருக்கிறது. பெரிய பிஸ்டல்களில் தோட்டா வெடிக்கும் நேரத்தில் பின்பக்கம் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு அமைப்பு வேண்டும். இந்தக் குட்டிகளில் பூட்டே கிடையாது. மேலே நகரும் ஸ்லைடின் எடையும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பும் அந்த ஒரு கண நேரத்தைத் தாங்கிவிடுகின்றன. பிடியின் பின்பக்கம் ஒரு பட்டை. கையால் இறுக்கிப் பிடித்து அதை அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். பழைய மெக்கானிக்கல் வாட்சின் பின்மூடியைத் திறந்து பார்த்து மயங்கியவர்களுக்கு இந்த மயக்கம் புரியும்.

ஆனால் இது ஏன் இவ்வளவு சின்னது? மறைத்து வைப்பதற்காக. இதைத் தாண்டிப் போக முடியாது. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைக் கொரியாவின் ஆன் ஜுங்-கன் சுட்டது 1900 மாடல் பிரௌனிங்கால். அதே வருஷம் லண்டனிலிருந்து சாவர்க்கர் இருபது பிரௌனிங் பிஸ்டல்களைப் பெட்டிக்குள் மறைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். டிசம்பர் 21 அன்று நாசிக் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டது அவற்றில் ஒன்றால். நம் மணியாச்சி ஜங்ஷனில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்து பிரௌனிங்தான். ஆஷ் துரை உட்கார்ந்திருந்த ரயில் பெட்டி வரை அதை யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோக முடிந்ததற்கு அதன் அளவும் ஒரு காரணம். தியாகம் என்று கும்பிடுவதா, கொலை என்று கண்டிப்பதா என்ற வழக்குக்கு இன்று நான் வரவில்லை. இந்தப் பொருளின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் கட்சி இது. மறைத்து வைப்பதற்கென்றே பிறந்த பொருளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவர்தான் உண்மையான சேகரிப்பாளர். நம்பர், காகிதம், கதை மூன்றையும் சேர்த்து வைத்து, தோட்டாவைத் தள்ளி வைத்து, கேட்டால் காட்டக்கூடிய நிலையில் வைத்திருப்பவர். பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பவரை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு, முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்திய பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு யேசு சபைப் பாதிரியார் கைக்குப் போய், பிறகு சபையின் வசமே பல காலம் கிடந்தது. 2004-இல்தான் வியன்னா ராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதுவரை எத்தனையோ புத்தகங்கள் அதை 1900 மாடல் என்று எழுதிக்கொண்டிருந்தன. அது 1910 மாடல். உள்ளே கிடந்தவரை தப்பான கதை ஊர் சுற்றியது. வெளியே வந்து நம்பரும் மாடலும் தெரிந்ததும் வரலாறு திருந்தியது.

மற்ற நாடுகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் ஐம்பது வயது கடந்த துப்பாக்கிகளுக்கென்றே சேகரிப்பாளர் உரிமம் உண்டு. வந்தது, போனது எல்லாம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிரிட்டன் 1997-இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுக்கத் தடை செய்தது. அந்தச் சட்டத்திலும் பழம்பொருளுக்கு ஒரு ஜன்னல் விட்டார்கள். 1919-க்கு முன் செய்தது, அதற்குத் தோட்டா எளிதில் கிடைக்காது என்றால் தோட்டா இல்லாமல் வீட்டில் வைக்கலாம். வரலாற்று முக்கியத்துவம் உள்ளது, ஆனால் தோட்டா கிடைக்கும் ரகம் என்றால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வைத்து, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைக்கலாம். 2019 திருத்தத்தில் இரண்டாகக் குறைத்தார்கள். அது சரி என்பதுதான் என் அபிப்பிராயம். அதே சட்டத்தின் 45-வது பிரிவில், பழங்காலப் பொருளாகவோ பழுதாகவோ ஆகி, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் நூறு வருஷத்து பிரௌனிங்கில் ஒரு ஸ்பிரிங் மாற்றினால் இன்றும் சுடும். அதனால் வயசைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு தடவை எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் மஞ்சள் பையில் துண்டு சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். வெப்ளி அண்டு ஸ்காட் .25. கூடவே கணவரின் லைசென்ஸ் புத்தகம். கணவர் காலமாகி மூன்று மாதம். "எங்க மாமனார் எஸ்டேட்ல இருந்தப்ப வாங்கினதாம் சார். பேரப்பிள்ளைங்க ஓடியாடுற வீடு. எனக்கு ராத்திரி தூக்கமே வரல" என்றார். வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னோம். வேண்டவே வேண்டாம் என்றார். முறைப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் ஏறியது ஒரு வரி: தயாரிப்பு, போர், நம்பர். எந்த எஸ்டேட், யாரிடம் வாங்கியது, எதற்குப் பயந்து வாங்கினார் என்பதை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அந்தக் கதை அந்த அம்மாளோடு பஸ் ஏறிப் போய்விட்டது.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. ஒப்படைக்கப்படும் பழைய ஆயுதத்தை அழிப்பதற்கு முன்னால் அருங்காட்சியகத் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்க்கட்டும். போட்டோவும் நம்பரும், கொடுத்தவர் சொல்லும் நாலு வரிக் கதையும் பதிவாகட்டும். தகுதியுள்ளவற்றைச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கட்டும். எழும்பூர் மியூசியத்தில் தஞ்சை அரண்மனை வாள்களைப் பார்க்க இன்றும் பிள்ளைகள் வருகிறார்கள். நூறு வருஷத்து பிஸ்டலும் வரலாறுதான்.

இனி, வீட்டில் அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஒன்று இருக்கிறவர்களுக்கு. மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நம்பாதீர்கள். குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். தெரியாதவர்கள் தொடவே வேண்டாம். லைசென்ஸ் காலாவதி ஆனாலும், லைசென்ஸ்காரர் காலமானாலும் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சட்டம் சொல்கிறது. ஒப்படைத்தாலே போயிற்று என்று அர்த்தமில்லை. குறிப்பிட்ட கெடுவுக்குள் வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், உரிமம் உள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். கெடு தாண்டினால்தான் அரசுக்குப் போகும். ஒளித்து வைத்தால்? உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்கு இப்போது இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை. தாத்தாவின் ஞாபகார்த்தம் என்று சொன்னால் கோர்ட்டு கேட்காது. நாம் கண்ணை மூடிய பிறகு பீரோவைத் திறக்கப்போவது நம் பிள்ளைகள். வழக்கு வந்தால் அவர்கள் தலையில்தான் விழும்.

இன்று சாயங்காலமே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அது யாருடையது, எங்கே வாங்கியது, எந்த வருஷம், என்ன நம்பர் என்று ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். லைசென்ஸ் நகலை அதிலேயே ஒட்டி, பிள்ளைகளைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். பிஸ்டல் சட்டப்படி போகவேண்டிய இடத்துக்குப் போகட்டும். நோட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொள்ள எந்த உரிமமும் வேண்டாம்.