பல்லோடு எலும்பும் போகும்

பல் போனால் சொல் போகும் என்பார்கள். தாடை எலும்பும் போகும் என்பது மாணவர் பலருக்குத் தெரியாது. பல் விழுந்த இடத்தில், முதல் ஆண்டிலேயே எலும்பு வெகுவாகத் தேய்ந்துவிடும். பின்னர் டைட்டானியத் திருகு பதித்துச் செயற்கைப் பல் பொருத்த, முதலில் எலும்பு ஒட்டுச் சிகிச்சை தேவைப்படலாம். அந்த எலும்பு இறுகப் பல மாதங்கள் ஆகும். பதின்ம வயதினரோ தாடை வளர்ச்சி முடியும்வரை பொதுவாகக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, ஹாக்கி, சிலம்பம் ஆடும் மாணவர்களுக்குப் பல் கவசத்தைப் பள்ளிகள் கட்டாயமாக்க வேண்டும். அடிபட்டு முழுதாக விழுந்த நிரந்தரப் பல்லை, வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு, உடனே பல் மருத்துவரிடம் சென்றால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. இதை முதலுதவிப் பயிற்சியில் சேர்க்கப் பள்ளிக்கு என்ன செலவு?